நம்பர் எந்தத் துண்டில் இருக்கிறது?

எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளில் பாதி ஒரே ரகம். ஒரு படம் வரும், கீழே ஒரு வரி: "அண்ணே, இது அதுல உட்காருமா?" படத்தில் பெரும்பாலும் தள்ளுபடியில் கிடைக்கும் ஒரு ஏஆர்-15 அப்பர், அதாவது அந்த ரைபிளின் குழலோடு சேர்ந்த மேல்பாதி, இருக்கும். அனுப்புகிறவர் சமீபத்தில் கிரீன் கார்டு கிடைத்து, ஓஹாயோவில் வீடு வாங்கி, அப்புறம் துப்பாக்கியும் வாங்கியவராக இருப்பார். நான் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவுச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் பழைய ராணுவ ரைபிள்களைச் சுடுவேன். காலிப்பர் என்ற அளவுக் கருவியும் துப்பாக்கியும் ஒரே ஆளிடம் இருப்பதால் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது.

உட்காருமா உட்காராதா என்பதற்குப் பதில் சொல்வது பெரிய காரியமில்லை. உட்கார்ந்த பிறகு சட்டத்தின் கண்ணில் அது என்னவாகிறது என்பதுதான் ஆளை உள்ளே தள்ளக்கூடிய விஷயம். அதை யாரும் கேட்பதில்லை. நான் வக்கீல் இல்லை; இங்கே எழுதுவது எல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும், அதுவும் முக்கியமாக ஃபெடரல் சட்டத்தைப் பற்றி.

முதலில் அடிப்படை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குள் முழுத் துப்பாக்கியையும் சேர்க்கிறது, அதன் ஃபிரேம் அல்லது ரிசீவரை, அதாவது மற்ற பாகங்கள் வந்து சேரும் உடல் துண்டை மட்டும், தனியாகவும் சேர்க்கிறது. காரில் சேஸிஸ் நம்பர் மாதிரி, ஒரு துண்டில் நம்பர் அடித்து, அந்தத் துண்டுதான் துப்பாக்கி என்று வைத்துக்கொள்கிறார்கள். மற்றதெல்லாம் உதிரிபாகம். ஏஆர்-15 வகையில் அந்தத் துண்டு லோயர் ரிசீவர், அதாவது கீழ்ப்பாதி. வெறும் லோயர் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள்: கால் கிலோ அளவுக்கு அலுமினியம், நாலைந்து துளை, தோட்டாப் பெட்டியான மேகசின் நுழைய ஒரு கிணறு. தோட்டா வெடிப்பது இதற்குள் இல்லை. குண்டு இதைத் தொடுவதுகூட இல்லை. ஆனால் இதை வாங்க உரிமம் பெற்ற டீலரிடம் போய், 4473 படிவத்தை நிரப்பி, எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். குண்டை வெளியே தள்ளுகிற குழல், வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிற போல்ட் எல்லாம் சேர்ந்த அப்பரோ, பெரும்பாலான மாநிலங்களில் வீட்டு வாசலில் பார்சலாக வந்து இறங்கும்.

இந்த வெறும் லோயருக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. படிவத்தில் அது கைத்துப்பாக்கியும் இல்லை, ரைபிளும் இல்லை. 'மற்றவை' என்று பதிவாகும். அதனால் டீலர் அதை 21 வயது ஆனவர்களுக்குத்தான் விற்க முடியும். அதே கடையில் முழு ரைபிளுக்கு ஃபெடரல் வயது 18. பத்தொன்பது வயதுப் பையன் ஒரு முழு ரைபிளை வாங்கலாம், அதன் கால் கிலோ அலுமினியத்தைத் தனியாக வாங்க முடியாது. ஏன் என்று கேட்டால், அந்த லோயர் நாளைக்கு எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம், அதனால்தான். இந்த "எதுவாக வேண்டுமானாலும்" என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறது.

எந்தத் துண்டில் நம்பர் என்பது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறு. எஃப்என் ஃபால் ரைபிளில் மேல் ரிசீவர்தான் துப்பாக்கி, கீழ்ப்பாதி உதிரிபாகம். ஏஆர்-15 பழகியவர்கள் இங்கே தலைகீழாக மாட்டிக்கொள்வார்கள். ரூகர் மார்க் வரிசை .22 பிஸ்டலில் குழலோடு சேர்ந்த மேல் குழாயில் நம்பர் இருக்கும்; கைப்பிடிப் பாகம் சும்மா. சிக் சாவர் பி320 இன்னும் வேடிக்கை. அமெரிக்க ராணுவம் 2017-இல் தேர்ந்தெடுத்த பிஸ்டல் குடும்பம் இதுதான். அதில் விசையும் அதைச் சுற்றிய இரும்புத் தகடுகளும் சேர்ந்த சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நம்பர் அதில். நாம் பிஸ்டல் என்று கண்ணால் பார்க்கிற பிளாஸ்டிக் கைப்பிடி, மேலே ஓடும் ஸ்லைடு, குழல் எல்லாமே தபாலில் வாங்கி மாற்றிக்கொள்ளக்கூடிய சட்டைகள்.

இதில் அரசாங்கமே தடுமாறிய கதை ஒன்று உண்டு. பழைய விதியில் ரிசீவர் என்றால் சுத்தியல், போல்ட், சுடும் இயக்கம் ஆகியவற்றுக்கு இடம் கொடுப்பது, வழக்கமாக முன்பக்கம் குழலைத் திருகிச் சேர்க்க மரை உள்ளது என்று எழுதியிருந்தார்கள். ஏஆர்-15 லோயரில் போல்ட்டும் இல்லை, குழல் மரையும் இல்லை. கோடிக்கணக்கில் விற்ற ஒரு துப்பாக்கியின் பதிவுத் துண்டு, விதியில் இருக்கும் வரையறைக்குள் வரவில்லை! 2010-களின் பிற்பாதியில் கலிபோர்னியாவிலும் ஓஹாயோவிலும் சில ஃபெடரல் நீதிபதிகள் இதை அப்படியே எடுத்துச் சொன்னார்கள். துப்பாக்கி விதிகளைக் கவனிக்கும் ஃபெடரல் துறையான ஏடிஎஃப் உட்கார்ந்து வரையறையைத் திருத்தி எழுதியது. புதிய விதி 2022 ஆகஸ்ட் 24-இல் அமலுக்கு வந்தது. கைத்துப்பாக்கி என்றால் சுத்தியலையோ ஸ்டிரைக்கரையோ பிடித்து நிறுத்தும் உறுப்புக்கு இடம் தரும் துண்டு. ரைபிள் என்றால் வெடிக்கும் நேரத்தில் பின்பக்கத்தை அடைக்கும் உறுப்புக்கு இடம் தரும் துண்டு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் புதிய வரையறைப்படி பார்த்தால் ஏஆர்-15-இல் அப்பர்தானே வர வேண்டும்? அதனால் ஏஆர்-15 வகைக்கு லோயர்தான் ரிசீவர், பழையபடியே இருக்கட்டும் என்று பெயர் சொல்லி ஒரு விலக்கும் எழுதி வைத்தார்கள். பொறியியல் வரையறை எழுதிய எவருக்கும் இந்த வலி புரியும்.

அதே விதி, பாதி வேலை முடித்த ஃபிரேம்களையும், வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளும் முழு கிட்டுகளையும் துப்பாக்கிக் கணக்கில் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26-இல் வான்டர்ஸ்டாக் வழக்கில் ஏழுக்கு இரண்டு என்று அந்த விதி நிற்கும் என்றது. "எண்பது சதவீதம்" என்று விற்கிற இந்தப் பாதி முடித்த துண்டுகள் பற்றி இன்னும் பழைய வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கிறவர்களுக்கு: அந்த வீடியோ எடுத்த தேதியை முதலில் பாருங்கள்.

சரி, "ரிஜிஸ்டர் பண்ணணுமா அண்ணே?" இது அடுத்த கேள்வி. நம்மவர்கள் எல்லோருக்கும் துப்பாக்கி என்றாலே எங்கோ ஒரு அலுவலகத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். சாதாரண ரைபிள், பிஸ்டல், ஷாட்கன்னுக்கு ஃபெடரல் பதிவேடு என்று ஒன்று கிடையாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒன்றை உருவாக்கக் கூடாது என்றே சொல்கிறது. 4473 படிவம் டீலரிடம்தான் இருக்கும். குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியைத் தேட வேண்டுமென்றால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் ஏடிஎஃப் மையம் நம்பரை வைத்துத் தயாரிப்பாளரைக் கேட்கும், அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் கடைக்காரரை, கடைக்காரர் படிவத்தைத் தேடி முதல் வாங்கியவர் பெயரைச் சொல்வார். கடை மூடிவிட்டால் அதன் தாள்கள் அந்த மையத்துக்கே போய்ச் சேரும், ஆனால் பெயர் போட்டுத் தேடும்படி அவற்றை வைக்கக் கூடாது. மாநிலங்கள் வேறு கதை. ஹவாயில் எல்லாத் துப்பாக்கியையும் பதிய வேண்டும். இல்லினாயில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கே அடையாள அட்டை வேண்டும். ஓஹாயோவில் மாநிலப் பதிவு இல்லை. வேலை மாறி மாநிலம் மாறுகிறவர்கள் வீட்டுச் சாமான் ஏற்றுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

உண்மையான பதிவேடு ஒன்று இருக்கிறது. அது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் வருகிறது. இயந்திரத் துப்பாக்கி, சைலன்ஸர், குட்டைக் குழல் ரைபிள், குட்டைக் குழல் ஷாட்கன் எல்லாம் அதில். பாகம் மாற்றுகிறவர் தெரியாமல் கால் வைப்பது இங்கேதான்.

ரைபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இப்போது உங்களிடம் ஒரு ஏஆர்-15 ரைபிள் இருக்கிறது. தோளில் வைக்கும் ஸ்டாக் அதில் இருக்கிறது. பத்தரை அங்குலக் குழல் கொண்ட அப்பர் ஒன்று தள்ளுபடியில் வருகிறது. இரண்டு பின்னைத் தட்டினால் பழைய அப்பர் கழன்று புதியது உட்காரும். அச்சுப் பிசகாமல் உட்காரும், ஒரு மைக்ரான் குறை சொல்ல முடியாது. அந்த நிமிடம் நீங்கள் பதிவு செய்யாத குட்டைக் குழல் ரைபிளின் தயாரிப்பாளர். பத்து ஆண்டு வரை சிறை. கழற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், செய்தது செய்ததுதான். அந்தக் குட்டை அப்பருக்கு வேறு சட்டபூர்வமான லோயர் எதுவும் வீட்டில் இல்லாமல், அதையும் ரைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதையே உடைமையாகக் கருதிக் கேள்வி கேட்கவும் வழி உண்டு.

இந்த அளவை எப்படி எடுக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, போல்ட்டை மூடி, முன்வாயிலிருந்து ஒரு கம்பியை உள்ளே விட்டு, போல்ட் முகத்தில் முட்டும் வரை இறக்கி, வாயருகே குறித்து, வெளியே எடுத்து அளக்க வேண்டும். அதாவது தோட்டா உட்காரும் அறையும் குழல் நீளத்தில் சேரும். முன்னால் திருகிய ஃபிளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் தீப்பொறியை மறைக்கும் முனைத் துண்டு) சேராது. ஆனால் அதை நிரந்தரமாகச் சேர்த்திருந்தால் சேரும். நிரந்தரம் என்றால் பற்றவைப்பு, அல்லது பின் அடித்து அதன் தலையில் வெல்டு, அல்லது அதிக வெப்பத்தில் உருகும் வெள்ளிப் பற்றாசு. பதினான்கரை அங்குலக் குழல்களின் முனையில் சின்ன வெல்டுப் புள்ளி ஒன்று தெரிகிறதே, அதன் காரணம் இதுதான். ஒரு தடவை ஒருவர் கொண்டுவந்த குழல் கம்பியில் பதினாறுக்கு நூலிழை குறைவாக வந்தது. லாக்டைட் போட்டு ஒட்டியிருக்கிறேனே என்றார். பசை நிரந்தரம் இல்லை என்று சொல்லி, துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் அனுப்பினேன்.

சரி, அதே லோயரில் ஸ்டாக் இல்லாமல் பிஸ்டலாகச் சேர்த்தால்? குட்டைக் குழல் பிரச்சினையே இல்லை, பிஸ்டலுக்குக் குழல் நீளக் கட்டுப்பாடு கிடையாது. இங்கேதான் "எதுவாக வேண்டுமானாலும்" வருகிறது. வெறும் லோயரை முதன்முதலில் பிஸ்டலாகச் சேர்த்தால், பிற்பாடு நீளக் குழலும் ஸ்டாக்கும் போட்டு ரைபிளாக்கலாம், மறுபடி பிஸ்டலாக்கலாம். ஏடிஎஃப்பின் 2011-4 தீர்மானம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதன்முதலில் ரைபிளாகச் சேர்த்துவிட்டால் திரும்ப வழியில்லை. அதைக் குட்டையாக்கினால் 'ரைபிளிலிருந்து செய்த ஆயுதம்', பதிவேட்டுக்குள் வந்துவிடும். இரண்டு லோயரையும் பிரித்து என் மேசையில் வைத்தால், மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் எது முதலில் என்னவாக இருந்தது என்று சொல்ல முடியாது. உலோகத்துக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. நான் என் லோயர் ஒவ்வொன்றையும் முதலில் பிஸ்டலாகச் சேர்த்து, தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். மனைவி இதை ஜாதகம் எழுதி வைப்பது என்கிறாள்.

இந்த விவகாரத்தின் வேர் ஒரு நல்ல வழக்கு. தாம்ஸன் சென்டர் நிறுவனத்தின் கண்டெண்டர் என்ற ஒற்றைத் தோட்டாப் பிஸ்டல்; ஒரு கீல் பின்னை உருவினால் குழல் கழன்று, வேறு காலிபர் (குண்டின் விட்டம்) குழல் ஏறும். பாகம் மாற்றுவதையே மையமாக வைத்து வடிவமைத்தது. அவர்கள் 21 அங்குலக் குழலும் தோள் ஸ்டாக்கும் கொண்ட ஒரு கிட் விற்றார்கள். பிஸ்டலை ரைபிளாக்க. ஆனால் ஸ்டாக்கை மாட்டிவிட்டு பழைய பத்து அங்குலக் குழலை அப்படியே விட்டால் குட்டைக் குழல் ரைபிள் ஆகிவிடும். அப்படிச் செய்ய முடியும் என்பதற்காகவே கிட்டும் பிஸ்டலும் சேர்ந்ததைப் பதிய வேண்டும் என்றது ஏடிஎஃப். நிறுவனம் அந்தப் பதிவுக்கான 200 டாலர் வரியைக் கட்டிவிட்டு, அந்த 200 டாலரைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 1992-இல் ஜெயித்தது. சட்டபூர்வமாகச் சேர்க்கவும் உபயோகப்படும் பாகங்கள் என்பதால், சேர்க்காத நிலையில் அது குட்டைக் குழல் ரைபிள் ஆகாது என்று தீர்ப்பு. இன்று பிஸ்டலும் ரைபிளும் மாறி மாறிச் சேர்த்துக்கொள்கிற எல்லோரும் அந்த 200 டாலரில்தான் வாழ்கிறோம்.

நேர்மையான வழி ஒன்றும் இருக்கிறது: படிவம் 1. உங்களிடம் இருக்கும் ரிசீவரைக் குட்டைக் குழல் ரைபிளாகப் பதிவு செய்து, அனுமதி வந்த பிறகு சேர்ப்பது. கைரேகை அட்டை, படம், உள்ளூர் காவல் தலைமைக்கு ஒரு நகல். ரிசீவரில் உங்கள் பெயர், ஊர், மாநிலம் பொறிக்க வேண்டும். குறைந்தது ஆயிரத்தில் மூன்று அங்குல ஆழம், நம்பரின் எழுத்து பதினாறில் ஒரு அங்குல உயரம். லேசர் கடைக்காரர் மேல்பூச்சை மட்டும் எரித்துவிட்டு ஆழம் ஆகிவிட்டது என்பார், நம்பாதீர்கள், டெப்த் கேஜ் வைத்துப் பாருங்கள். 1934-இல் விதித்த 200 டாலர் வரி, குட்டைக் குழல் ரகங்களுக்கும் சைலன்ஸருக்கும் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இதைக் கேட்டதும் பதிவே வேண்டாம் போலிருக்கிறது என்று ஒரு வதந்தி ஓடியது. வரிதான் போனது, பதிவு அப்படியே இருக்கிறது. பதிந்த குட்டை ரைபிளோடு மாநில எல்லை தாண்டுவதற்கு முன்கூட்டியே ஏடிஎஃப்பிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் அப்படியே.

இயந்திரத் துப்பாக்கியில் ரிசீவர் என்ற துண்டின் மதிப்பு உச்சத்துக்குப் போய்விட்டது. 1986 மே 19-க்குப் பிறகு பதிந்த எதுவும் சாதாரண மனிதர்கள் கைக்கு வர முடியாது. அதனால் அதற்கு முன் பதிந்த ரிசீவர்கள் மட்டுமே கைமாறுகின்றன, பல்லாயிரம் டாலருக்கு. குழல் தேய்ந்தால் மாற்றலாம், போல்ட் உடைந்தால் மாற்றலாம். நம்பர் உள்ள துண்டு விரிசல் விட்டால் வேறொன்று போட முடியாது, அதையே பழுதுபார்க்க வேண்டும். இரும்பு என்ன விலை என்பதற்கும் அந்த நம்பர் என்ன விலை என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பாகம் பொருந்துவது என்கிற விஷயமே துப்பாக்கியில்தான் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஈலை விட்னி 1798-இல் பத்தாயிரம் மஸ்கட்டுகளுக்கு ஒப்பந்தம் எடுத்து, 1809-இல்தான் முடித்தார். ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேரும் என்று பெயர் வாங்கியவர் அவர். ஆனால் அவருடைய மஸ்கட்டுகளைப் பிற்காலத்தில் பிரித்துப் பார்த்தவர்கள் சேரவில்லை என்றார்கள். உண்மையில் சாதித்தவர் ஜான் ஹால், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில், 1820-களில், கேஜ் மேல் கேஜ் வைத்து. என் தொழிலுக்குக் கோயில் கட்டினால் சிலை அவருக்குத்தான் வைக்க வேண்டும்.

அந்தச் சங்கதியை இரண்டாம் உலகப்போரின் எம்1 கார்பைன் என்ற லேசான ரைபிளில் கையில் தொட்டே பார்க்கலாம். அறுபது லட்சத்துக்கு மேல் செய்தார்கள், பத்து முதன்மை ஒப்பந்ததாரர்கள். அவர்களில் பலர் அதற்கு முன் துப்பாக்கியே செய்ததில்லை. ஐபிஎம், தட்டச்சு இயந்திரம் செய்த அண்டர்வுட், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா, தபால் முத்திரை இயந்திரக் கம்பெனி ஒன்று. பற்றாக்குறை வந்தால் ஒருவர் மற்றவருக்குப் பாகம் அனுப்பிக்கொண்டார்கள். என்னிடம் இருப்பதன் ரிசீவர் இன்லாண்ட் கம்பெனியுடையது. பின்புறம், குறி பார்க்கும் தகட்டுக்குப் பின்னால் நம்பர். குழலில் அண்டர்வுட் பெயரும் சின்ன வெடிகுண்டு முத்திரையும். சுத்தியலைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டில் ஒரு 'டபிள்யூ', வின்செஸ்டர். இன்னொரு சிறு பாகத்தில் 'ஆர்', ராக்-ஓலா. நாலு கம்பெனி, நாலு ஊர், எண்பது வருஷம். எண்ணெய் துடைத்து மறுபடி சேர்த்தால் எதையும் தட்டவோ ராவவோ வேண்டியதில்லை. க்ளக் என்று போய் உட்காரும். போர் முடிந்ததும் ராணுவப் பட்டறைகளில் எல்லாவற்றையும் பிரித்து, குவியல் குவியலாகப் போட்டு, எது கைக்கு வந்ததோ அதைச் சேர்த்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் ஒரே கம்பெனிப் பாகங்களாக மறுபடி தேடிச் சேர்த்து "அசல்" என்று கூடுதல் விலை வைக்கிறார்கள். எனக்குக் கலந்ததுதான் அசல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கார்பைனுக்கு எம்2 என்று தானியங்கி அண்ணன் ஒன்று உண்டு. அதன் பாகங்கள் சந்தைகளில் பெட்டியோடு கிடக்கும். இயந்திரத் துப்பாக்கியின் சட்ட வரையறையில் ரிசீவர் மட்டுமல்ல, மாற்றுவதற்கான பாகங்களின் தொகுப்பும் அடக்கம். சேர்க்கவே வேண்டாம், வைத்திருந்தாலே போதும். "ஸ்பேரா இருக்கட்டும்" என்று பெட்டியை அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

ஏஆர்-15 பக்கம் கார்பைன் அளவுக்கு ஒழுங்கு இல்லை. 'மில்-ஸ்பெக்' (ராணுவ அளவு) என்று பெட்டியில் அச்சடித்திருப்பது பாதி நேரம் விளம்பரம். ஸ்டாக் ஏறும் பஃபர் குழாயில் ராணுவ அளவு, வணிக அளவு என்று இரண்டு. அரை மில்லிமீட்டர் வித்தியாசம், ஸ்டாக் ஏறாது அல்லது ஆடும். கோல்ட் நிறுவனம் ஒரு காலத்தில் சிவிலியன் ரைபிள்களில் விசைப் பின்னை 0.154-க்குப் பதில் 0.170 அங்குலமாக்கியது, ராணுவப் பாகம் இதில் ஏறக் கூடாது என்பதற்காக என்பார்கள். பெரிய தம்பியான .308 ஏஆர்களில் பொது அளவே இல்லை. ஆர்மலைட் வகை, டிபிஎம்எஸ் வகை என்று குறைந்தது இரண்டு கட்சி. ஒன்றின் அப்பர் மற்றதன் லோயரில் பின்பக்கம் இடைவெளி விட்டு நிற்கும். "எல்லா லோயருக்கும் பொருந்தும்" என்று போட்ட ஒரு இணையக் கடையில் வாங்கிய நண்பர், திருப்பி அனுப்புகிற செலவையும் தானே ஏற்றார்.

பொருந்தாதது பரவாயில்லை, தெரிந்துவிடும். பொருந்துவதுதான் பயம். .300 பிளாக்கவுட் தோட்டா, ஏஆர்-15-இன் வழக்கமான 5.56 தோட்டாவின் உறையை வெட்டிச் செய்தது. அதே மேகசின், அதே போல்ட், குழல் மட்டும் வேறு. அதன் குண்டு .308 அங்குலம். 5.56 குழலின் வழி .224. சில சமயம் தவறான குழலிலும் அந்தத் தோட்டா உள்ளே போய் போல்ட் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் குண்டு போக வழியில்லை. கிளப்பில் அப்படி ஒன்றைப் பிறகு பார்த்தேன்: அப்பரின் பக்கம் வீங்கிக் கிழிந்திருந்தது, மேகசினின் அடித்தகடு பறந்துவிட்டது, போல்ட் உறைந்துபோய் இருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் சுட்டவருக்குக் கண் தப்பியது. அந்த லோயர் மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது. சட்டப்படி துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை! நானும் அன்றிலிருந்து இரண்டு காலிபர் மேகசின்களை ஒரே பையில் போடுகிறவர்களைக் கண்டால் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக நம்மவர்களுக்கு. எச்1பி, எஃப்1, பி2 போன்ற குடியேறா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். சில விலக்குகள் உண்டு, முக்கியமானது செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரைமணி நேரம் சுடுவதும் வைத்திருப்பதில் சேரும். அலுவலக நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போய்விடாதீர்கள். கூப்பிடுகிறவர்களும் விசாவைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். வெறும் லோயரும் துப்பாக்கிதான் என்பது இங்கேயும் பொருந்தும்.

அப்பா பி2 விசாவில் வந்திருந்தார். வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்றவர். இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. லோயர்களையும் தோட்டாக்களையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, ஒரு அப்பரைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். போல்ட்டின் பற்களை விரல் நகத்தால் எண்ணினார், குழலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே வரி போட்டதைப் பார்த்தார், மரையைத் தடவினார். அப்புறம், "வேலைப்பாடு பூரா இதுலதானே இருக்கு, அப்ப பூட்டி வச்சியே, அது என்ன?" என்றார். அதுதான் துப்பாக்கி என்றேன். காலிப்பரை எடுத்துட்டு வா என்றார்.